ஏழாவது வித்தியாசம்

வார இதழின் முப்பத்தெட்டாம் பக்கத்தில், கீழ்ப்பாதியில், இரண்டு படங்கள் அக்கம்பக்கமாக இருக்கும். இரட்டைப் பிள்ளைகளைப் போல ஒன்றாகத்தான் தெரியும். மேலே 'ஆறு வித்தியாசங்களைக் கண்டுபிடியுங்கள்' என்று தலைப்பு. விடை கடைசிப் பக்கத்தில் தலைகீழாக. இந்த அரைப் பக்கத்தைப் பத்தொன்பது வருடமாக வரைந்துவந்தவளுக்கு, பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது போன கதை சின்னதுதான்.

முதல் வாரம் அவள் படத்தின் மூலையில் கையெழுத்துப் போட்டாள். முதல் படத்தில் போட்டவள் இரண்டாவதில் மறந்துவிட்டாள். நானூறு வாசகர்கள் அந்தக் கையெழுத்தையும் சேர்த்து எண்ணி, 'ஏழு இருக்கிறது, ஆறு என்கிறீர்களே' என்று கேட்டு எழுதினார்கள். ஆசிரியர் அவளைக் கூப்பிட்டு, "உங்க பேருதான்மா பிரச்சினை. அது படத்துக்குள்ளேயே வர வேண்டாம்" என்றார். அடுத்த வாரம் படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் 'ஓவியம்: ஆறு' என்று அச்சாகியிருந்தது.

அன்றிலிருந்து அவள் ஆறு. அலுவலக வாசலில் காவலாளி, "ஆறு மேடம் வந்துட்டாங்க" என்று உள்ளே குரல் கொடுப்பார். தொலைபேசியில் "ஆறு பேசறேன்" என்றால், "மீதி அஞ்சு பேர் எங்கே?" என்று கேட்பவர்கள் உண்டு. நாத்தனார் மட்டும் கோபம் வந்தால், "எங்க அண்ணி பேருதான் ஆறு. மனசு என்னிக்கு ஆறியிருக்கு?" என்பாள்.

அவளுடைய கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். முன்பக்கம் கடை, நடுவில் ஒரு பச்சைத் திரை, பின்பக்கம் வீடு. திரைக்குப் பின்னால் ஜன்னலோரம் அவள் மேசை. கணவர் கழித்துப் போட்ட கண்ணாடிப் பெட்டி ஒன்றுக்குள் குழல் விளக்கை மாட்டி வைத்திருந்தாள். முதல் படத்தை அதன்மேல் வைத்து, வெற்றுத்தாளை அதற்குமேல் விரித்து, ஒளியில் தெரியும் கோடுகளின் மேலேயே இரண்டாவதை இழுப்பாள். ஆறு இடங்களில் மட்டும் கை வழிமாறிப் போகும்.

எங்கே மாற வேண்டும் என்பதில்தான் தொழில் இருந்தது. ஒன்று பார்த்ததும் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் வாசகர் பக்கத்தைப் புரட்டிவிடுவார். ஒன்று மூலையில். ஒன்று எண்ணிக்கையில்: நாற்காலிக்கு ஐந்து கம்பி, நான்கு கம்பி. ஆறாவது மட்டும் கண்முன்னாலேயே இருந்துகொண்டு தண்ணி காட்ட வேண்டும். முகத்தில் கைவைக்கக் கூடாது என்பது அவள் சட்டம். முகத்தை மாற்றினால் ஆளே மாறிப்போவான், அது மோசடி.

படத்தை முதலில் சோதிப்பவர் கணவர்தான். மற்றவர்கள் கண்ணைச் சோதிக்கிறவர் என்ற மிடுக்கோடு உட்காருவார். பத்து நிமிடத்தில் ஆறையும் பிடித்துவிட்டு, "அவ்வளவுதானே?" என்பார்.

"அவ்வளவுதான்" என்பாள்.

அது பொய். மூன்றாம் வாரமே, ஒருவரின் சட்டையில் ஒரு பித்தானைப் போட மறந்திருந்தாள். ஆசிரியர் பார்க்கவில்லை, கணவர் பார்க்கவில்லை. ஆனால் இதழின் முகவரிக்கு, 'ஆறு' என்ற பெயருக்கு ஒரு அஞ்சல் அட்டை வந்தது. அனுப்பியவர் பெயரில்லை, ஊரில்லை. பென்சிலில் ஒரே வரி: 'ஏழாவது: சட்டைப் பித்தான்.' வெளியே சொன்னால் வேலை போய்விடும். சொல்லவில்லை. அடுத்த வாரம், ஏனென்று அவளுக்கே தெரியாது, வேண்டுமென்றே ஏழாவதாக ஒன்றை ஒளித்து வைத்தாள். அட்டை வந்தது. 'ஏழாவது: செருப்பு வார்.' அதற்கடுத்த வாரமும் வைத்தாள். வந்தது. கையெழுத்துப் போட அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. படிக்கவும் ஓர் ஆள்.

பத்தொன்பது வருட அட்டைகளும் கண்ணாடிக் கூடுகள் வந்த அட்டைப்பெட்டியில் இருந்தன. எழுதுகிறவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் என்று அவள் தீர்மானித்திருந்தாள். இவ்வளவு பொறுமை வேறு யாருக்கு இருக்கும்? ஆரம்பத்தில் எழுத்துகள் கோணல்மாணலாக, ஒன்று யானை, ஒன்று எறும்பு என்று இருந்தன. பாவம், கை நடுங்குகிற வயசு. நாலைந்து வருடத்தில் நடுக்கம் குறைந்தது. பிறகு பென்சிலிலிருந்து பேனாவுக்கு மாறினார். இப்போது எழுத்து அச்சடித்தாற்போல இருந்தது. வயது ஏற ஏறக் கை உறுதியாகும் மனிதர்! நல்ல வைத்தியர் கிடைத்துவிட்டார் போலிருக்கிறது என்று அவள் ஆறுதல்பட்டுக்கொண்டாள். 'ஏழாவது' என்பதில் ழகரத்தின் வால் மட்டும் அன்றும் இன்றும் ஒன்றே: கீழே இறங்கி, ஒரு சுருள் சுருண்டு, அட்டையின் விளிம்பைப் போய்த் தொடும்.

ஒரு புதன்கிழமை ஆசிரியர் கூப்பிட்டனுப்பினார்.

"உட்காருங்க ஆறு மேடம். பத்தொம்பது வருஷம் உழைச்சிட்டீங்க. இனிமே ஓய்வு."

"நான் கேக்கலையே சார்."

"கேக்காமலே கொடுக்கறோம். அதான் மரியாதை." மேசைமேல் இருந்த கணினியை, சம்பந்தம் பேசி முடித்த மாப்பிள்ளையைக் காட்டுவது போலக் காட்டினார். "இனிமே இது வரையும். உங்க படம் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டையும் இதுக்குக் காட்டியாச்சு. உங்களைவிட உங்களை மாதிரி வரையுது!"

"ஒரே படத்தை ரெண்டு தடவை வரையுமா?"

"ரெண்டாயிரம் தடவை வரையும்."

அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல. கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இயந்திரத்தின் முதல் படம் பூங்காவில் ஒரு குடும்பம். அழகில் குறையில்லை. அவள் கோடுதான், அவள் மரம்தான். இலைகளை அவள் போடும் விதத்தில்கூடப் பிசகில்லை. இரண்டாவது படமும் அழகுதான். ஆனால் இயந்திரத்துக்கு ஒன்றின்மேல் ஒன்று வைத்து இழுக்கத் தெரியவில்லை. 'அதே படத்தை ஆறு வித்தியாசத்தோடு கொடு' என்றதும், மனசார முதலிலிருந்து புதிதாக வரைந்திருந்தது. முதல் படத்தில் குடை பிடித்திருந்த அம்மா, இரண்டாவதில் தோள்வரை தானே குடையாகியிருந்தாள். அப்பாவுக்குத் தாடி வந்திருந்தது. மூன்று பிள்ளைகள் நான்காகியிருந்தார்கள். நான்காவது பிள்ளை அப்பாவைவிட மூத்தவனாகத் தெரிந்தான். பெஞ்சுக்கு ஒரு கால் அதிகம், மரத்துக்கு ஒரு கால் அதிகம்.

மேலே: ஆறு வித்தியாசங்கள். கீழே: ஓவியம்: ஆறு.

அலுவலகத்துக்குக் கடிதம் மூட்டையாக வந்தது. ஒருவர் நாற்பத்தொன்று கண்டுபிடித்திருந்தார், ஒருவர் அறுபத்திரண்டு. கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் சோதனை நாற்காலியில் உட்காரப் போனவர் பாதியில் எழுந்துகொண்டார். "தப்பா நினைக்காதீங்க. வீட்டம்மா கண்ணையே இவ்வளவு மோசமா விட்டிருக்கீங்க. எனக்கு எப்படிப் பார்ப்பீங்க?"

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் இதழைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி வந்து நின்றாள்.

"அண்ணி, ஆறுன்னு போட்டுட்டு அறுபது வரைஞ்சிருக்கீங்க. கண்ணா, கையா, எது போச்சு?"

"நான் வரையல."

"கீழே உங்க பேரு இருக்கே?"

"அது என் பேரு இல்ல."

"அப்ப உங்க பேரு என்ன?"

அண்ணிக்கு அது சட்டென்று நினைவுக்கு வரவில்லை. நாத்தனாருக்கும் ஞாபகம் வரவில்லை. இருவரும் சிறிது நேரம் யோசித்தார்கள்.

அலுவலகம் வழியாக அட்டையும் வந்தது. 'ஏழாவது எது என்று தெரியவில்லை. நிறைய இருக்கின்றன.' அடுத்த வாரம்: 'உடம்பு சரியில்லையா?' ஊரே கண் போய்விட்டது என்று சொன்னதைத் தாங்கியவளுக்கு இந்த ஒரு வரி தாங்கவில்லை. பதில் எழுதலாமென்றால் முகவரி கிடையாது. 'அது நான் இல்லை' என்று அந்தப் பெரியவருக்குச் சொல்ல ஒரே வழிதான் இருந்தது. படத்துக்குக் கீழேயிருந்து தன் பெயரை எடுக்கவைக்க வேண்டும்.

"எந்தப் பேரை?" என்றார் ஆசிரியர்.

"ஆறு."

"ஆறு எப்படிங்க பேராகும்? அது எண்ணு! தலைப்புல இருக்கு பாருங்க, 'ஆறு வித்தியாசங்கள்'னு. அந்த ஆறுதான் கீழேயும் இருக்கு. இன்னிக்கு உங்களுக்கு ஆறைத் தூக்கிக் கொடுத்தா, நாளைக்கு ஒருத்தர் வந்து ஏழு என்னோடதும்பார். அப்புறம் நாங்க பக்க எண் போட யாரைக் கேக்கறது?"

"அந்த ஆறு நான் சார்."

"தலைப்புல ஆறு இருக்கற வரைக்கும் கீழேயும் இருக்கும். அவ்வளவுதான்."

அந்த வாக்கியத்தை அவள் மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எழுந்தபோது ஆசிரியர் குரலைத் தாழ்த்தினார்.

"வந்ததுதான் வந்தீங்க. ஒரு உதவி. விடை போட முடியல."

"அதையே கேக்கறதுதானே?"

"கேட்டோம். 'இடதுபக்கப் பூனையின் வால்'னு சொல்லுச்சு. படத்துல பூனையே இல்லம்மா. இல்லையேன்னதும் மன்னிப்புக் கேட்டுச்சு. ரொம்ப மரியாதை தெரிஞ்ச இயந்திரம். அப்புறம், 'நாயின் வால்'னுச்சு. நாயும் இல்ல. வித்தியாசத்தை எண்ணறதுக்கு மட்டும் நீங்க வந்தா..."

மானமுள்ளவர்கள் முடியாதென்று சொல்லியிருப்பார்கள். அவள், "வர்றேன்" என்றாள்.

பத்தொன்பது வருடம் வித்தியாசத்தைப் போட்டவள் இப்போது பொறுக்கத் தொடங்கினாள். ஜன்னலில்லாத அறையில் ஒரு மேசை, ஒரு அளவுகோல், ஒரு சிவப்புப் பென்சில். படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, அரிசியில் கல் பார்ப்பது போலப் பார்த்தாள். ஒன்றையும் விடவில்லை. முகத்தைத் தொடக்கூடாது என்பது வரைகிறவளின் சட்டம். எண்ணுகிறவளுக்கு அந்தச் சட்டமில்லை. அறுபத்தெட்டாவதாக இப்படி எழுதினாள்: 'முதல் படத்தில் அப்பா வீட்டுக்குப் போகப் புறப்பட்டுவிட்டார். இரண்டாவதில் அவருக்கு அந்த எண்ணமே இல்லை.' மொத்தம் எழுபத்து நான்கு.

விடை கடைசிப் பக்கத்தின் மூலையில் அடங்காமல், கடைசிப் பக்கம் முழுவதையும் தலைகீழாகப் பிடித்துக்கொண்டது. கடைக்காரர்கள் பாதிப்பேர் அந்த வார இதழைத் தலைகீழாகவே தொங்கவிட்டார்கள். அதைப் பார்த்துப் பதறியவர் முதலாளியின் வக்கீல்.

"தலைப்புல ஆறு, விடையில எழுபத்து நாலு! அச்சடிச்சு, ஆதாரத்தோட வாசகரை ஏமாத்தியிருக்கீங்க. ஒருத்தன் வழக்குப் போட்டா யார் பதில் சொல்றது? ஒண்ணு படத்தை மாத்துங்க, இல்ல தலைப்பை மாத்துங்க."

ஆசிரியர் அவளிடம் ஓடி வந்தார். "ஆறோட நிறுத்தியிருக்கலாமே மேடம்!"

"எண்ணச் சொன்னீங்க. எண்ணினேன்."

படத்தை மாற்ற இயந்திரத்தைக் கெஞ்சிப் பார்த்தார்கள். அது மன்னிப்புக் கேட்டு, நூற்றுப் பன்னிரண்டு வித்தியாசத்தோடு ஒன்று கொடுத்தது. எனவே தலைப்பு மாறியது. அடுத்த வார இதழின் முப்பத்தெட்டாம் பக்கத்தில் 'நூற்றுப் பன்னிரண்டு வித்தியாசங்களைக் கண்டுபிடியுங்கள்' என்று இருந்தது. அச்சுக்குப் போகுமுன் அந்தப் பக்கத்தின் மாதிரித் தாளை அவள் எடுத்துக்கொண்டு போய் ஆசிரியரின் மேசையில் விரித்தாள்.

"தலைப்புல ஆறு இல்லையே சார்."

"இல்ல. அதுக்கென்ன?"

"அப்ப கீழே இருக்கற ஆறு யாரு?"

ஆசிரியர் தலைப்பைப் பார்த்தார். கீழே பார்த்தார். மறுபடி தலைப்பைப் பார்த்தார். பத்தொன்பது வருடத்தில் அவர் அந்தப் பக்கத்தில் தானாகக் கண்டுபிடித்த முதல் வித்தியாசம் அதுவாகத்தான் இருக்கும். ஆனாலும் சொன்ன சொல் மாறாத மனிதர். 'ஓவியம்: ஆறு' என்பதை அடித்துவிட்டு, 'ஓவியம்: நூற்றுப் பன்னிரண்டு' என்று திருத்தினார்.

வெளியே வரும்போது காவலாளி குழப்பத்தோடு எழுந்து நின்றார். "மேடம், இனிமே உங்களை நூத்திப் பன்னெண்டுன்னா கூப்பிடணும்?"

"வேண்டாம்பா. நான் ஆறுதான்."

எண்ணுகிற வேலையையும் அன்றோடு விட்டாள். பெயர் கிடைத்தது, பக்கம் போயிற்று. அந்த வாரம் அட்டை வரவில்லை. பெயர் இல்லாததைப் பெரியவர் பார்த்திருப்பார். எதற்கு எழுத வேண்டும்? நியாயம்தான். ஆனாலும் அந்த அட்டைப்பெட்டியை இரண்டு தடவை திறந்து மூடினாள்.

செவ்வாய்க்கிழமை வந்தால் கை சும்மா இருக்க மறுத்தது. விளக்கைப் போட்டு ஒரு ஜோடி வரைந்தாள். கணவர் ஆறையும் கண்டுபிடித்துவிட்டு, "அவ்வளவுதானே? நல்லாத்தான் இருக்கு, சும்மா எதுக்கு உள்ளே கிடக்கணும்?" என்று கடைச் சுவரில், கண் சோதிக்கும் எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில் மாட்டினார். கீழே அவளே 'ஓவியம்: ஆறு' என்று எழுதினாள். இயந்திரத்தின் ஜோடிகளைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிந்து வந்தவர்கள், இதை நிம்மதியாகப் பார்த்தார்கள். ஆறும் கிடைத்ததும், "கண்ணு நல்லாத்தானே இருக்கு" என்று எழுந்து போனார்கள். "என் கடையிலேயே உட்கார்ந்து என் பிழைப்புல மண்ணைப் போடறியே" என்று கணவர் புலம்பினார், ஆனால் கழற்றவில்லை.

மாடியில் இருந்த பல் டாக்டர் தன் காத்திருப்பு அறைக்கு வாரம் ஒரு ஜோடி கேட்டார். இதழ் கொடுத்த கூலியில் கால்வாசிகூட வராது. இருந்தாலும் வரைந்து கொடுத்தாள். பத்து நாளில் டாக்டர் படியிறங்கி வந்து, "உள்ளே கூப்பிட்டா ஒருத்தரும் வர மாட்டேங்கறாங்க. 'இருங்க டாக்டர், இன்னும் ஒண்ணு பாக்கி'ங்கறாங்க. வாயைத் திறந்துட்டுக் கண்ணை வெளியே விட்டுட்டு வர்றாங்க" என்று குறைபட்டார். அடுத்த வாரம் படம் வரத் தாமதமானதும் அவரே ஆளனுப்பிக் கேட்டார்.

ஒரு வியாழக்கிழமை, மாடியிலிருந்து பேருந்து ஓட்டுநர் சீருடையில் ஒரு பெண் இறங்கி வந்தாள். இருபத்தேழு வயது இருக்கலாம். ஒரு கன்னம் வீங்கி, வாயில் பஞ்சு. படியோடு போக வேண்டியவள் கடைச் சுவரைப் பார்த்து நின்றாள். பிறகு உள்ளே வந்து படத்துக்கு முன்னால் நின்றாள். அந்த வாரம் தையற்கடைப் படம். கால் மணி நேரம் அசையவில்லை.

"கண்ணாடி பார்க்கணுமாம்மா?" என்றார் கணவர்.

அவள் இல்லையென்று தலையாட்டி, படத்தைக் காட்டினாள். "ஏவு."

"ஏவறதா? யாரை?"

"ஏ... ஹு."

"ஏறுவா? எங்கேம்மா ஏறணும்? பஸ் ஓட்டறவங்க நீங்க, நாங்கதான் ஏறணும்."

அவள் பொறுமையாக ஒரு கையில் ஐந்து விரலையும் மறு கையில் இரண்டு விரலையும் காட்டினாள்.

"ஓ, ஏழா! ஏழெல்லாம் இல்லம்மா, ஆறுதான். நானே பார்த்தாச்சு." அவர் முகத்தில் தொழில்முறைக் கவலை வந்தது. "ரோட்டுல ஆறு பேர் போகும்போது ஏழாத் தெரிஞ்சா பரவாயில்ல. இது நாளைக்கு அப்படியே திரும்பி, ஏழு ஆறாத் தெரிஞ்சா? உட்காருங்க, ஒரு நிமிஷத்துல பார்த்துடலாம்." சொல்லிக்கொண்டே சோதனைச் சட்டத்தை எடுத்து அந்தப் பெண்ணின் மூக்கில் மாட்டிவிட்டார். அவள் அந்தக் கனத்த வட்டங்களுக்குள்ளிருந்து விழித்தாள். மேசையிலிருந்த சீட்டை இழுத்து, எதையோ எழுதி நீட்டினாள்.

"இங்க வா, இவங்க என்னமோ எழுதறாங்க" என்று கணவர் உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

திரையை விலக்கிக்கொண்டு வந்து அவள் சீட்டை வாங்கினாள். 'ஏழாவது: சட்டைப் பித்தான்.' ழகரத்தின் வால் கீழே இறங்கி, ஒரு சுருள் சுருண்டு, சீட்டின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

இருபத்தேழிலிருந்து பத்தொன்பதைக் கழித்தாள். எட்டு. கை நடுங்கிய பெரியவர், எந்த வைத்தியரும் இல்லாமல், பென்சிலைக் கடித்துக்கொண்டு நிற்கும் எட்டு வயதுப் பெண்ணானார். பத்தொன்பது வருடமாகக் கண்முன்னாலேயே இருந்த வித்தியாசம்.

ஓட்டுநர் பெண் அவள் விரலில் இருந்த மையைப் பார்த்துவிட்டு, சீட்டைத் திரும்ப வாங்கி, கீழே இன்னொரு வரி சேர்த்தாள்: 'உடம்பு சரியாகிவிட்டதா?'

"சரியாயிடுச்சு" என்றாள் ஆறு. அந்தப் பெண்ணின் மூக்கிலிருந்து சட்டத்தை மெல்லக் கழற்றினாள். "இவங்களுக்குக் கண்ணாடி வேண்டாங்க."

"என்ன வேண்டாம்? ஏழுங்கறாங்களே!"

"ஏழுதான்."

கணவர் படத்துக்கு முன்னால் போய், தன் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். இறக்கிவிட்டுப் பார்த்தார். விரலை விட்டு ஒன்று, இரண்டு என்று ஆறுவரை எண்ணி நின்றார்.

"எங்கே?"

அவள் அவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்து சோதனை நாற்காலியில் உட்காரவைத்து, சட்டத்தை அவர் மூக்கில் மாட்டினாள்.

"வேண்டியது உங்களுக்குத்தான்."